மூன்று மாவில் மிதந்த திராட்சை

மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கள்ளுக்கடையைத் திறந்தார்களே, அந்த வருஷம். முதல் நாள் என் மாமனார் கடைக்காரருக்குப் போடுவதற்கு ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போனார். அங்கே கடைக்காரருக்குக் கழுத்து தெரியாத அளவுக்கு ஏற்கெனவே மாலை. வாங்கியதை வீணாக்குவானேன் என்று தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டு திரும்பினார். வழியில் ஒரு நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளை என்று நினைத்து கொஞ்ச தூரம் வாசித்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது, மாலையும் கழுத்துமாக எங்கள் வாசலில் நின்று, "மாப்ள, மேலப்பண்ணையில திராட்சை போடப் போறாங்களாம்" என்று அவர் சொன்னதைத்தான். குடித்துவிட்டு உளறுகிறார் என்று படுக்க வைத்தேன். அவர் உளறியதில் பலித்தது அது ஒன்றுதான்.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் அக்கா அஞ்சலையின் பேரன் எழுதுகிறான். அவனுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அது கடைசியில் தெரியும்.

இப்போது இதைச் சொல்ல வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்றால், ரிசார்ட்டால் வந்தது. எங்கள் ஊர் திருக்கடையூருக்கும் பூம்புகாருக்கும் நடுவில், வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் இருக்கிறது. கோயிலில் அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிற கூட்டம் தங்குவதற்காக ஊருக்கு மேற்கே ஒரு ரிசார்ட் கட்டியிருக்கிறார்கள். அங்கே எல்லாமே எக்ஸ்பீரியன்ஸ். மாட்டுவண்டியில் ஏறினால் எக்ஸ்பீரியன்ஸ், சேற்றில் இறங்கி நாலு நாற்று நட்டால் எக்ஸ்பீரியன்ஸ். என் அக்கா ஐம்பது வருஷம் நட்டாள். அவளுக்கு வந்தது இடுப்பு வலி. அதை அவள் எக்ஸ்பீரியன்ஸ் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அந்த ரிசார்ட்டில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிற விக்னேஷ் என்கிற பையன் போன மாசம் வீட்டுக்கு வந்தான். கூட ரிசார்ட் பையன்கள் இன்னும் இரண்டு பேர்.

"தாத்தா, நீங்க அந்தக் காலத்துலயே ஒயின் டூர் நடத்துனீங்களாமே? நெசமா?"

"நெசந்தான். தண்ணியில மிதக்குற வரைக்கும் நடத்துனோம்."

அவனுக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். மற்ற இரண்டு பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிதந்த இடம் வரும்போது நிமிர்ந்தார்கள்.

மேலப்பண்ணை என்பது ஒரு குடும்பத்துக்கு ஊர் வைத்த பெயர். பண்ணையாரை நாங்கள் ஐயா என்போம். ஐயாவுக்கு எத்தனை வேலி நிலம் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. சர்க்காருக்கு நிச்சயம் தெரியாது. அந்த நாளில்தான் நிலத்துக்கு உச்சவரம்பு என்று சட்டம் வந்து, அதற்கு மேல் வைத்திருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று மேடைக்கு மேடை பேச்சு. பேசியவர்களில் பாதிப் பேர் பேசி முடித்து ஐயா வீட்டில்தான் சாப்பிட்டார்கள். கூலி உயர்வு கேட்ட சங்கத்துக்காரர்களுக்கும் பண்ணைகளுக்கும் ஊருக்கு ஊர் அடிதடி. ஐயா யாரையும் அடிக்கவில்லை. வக்கீலைப் பார்த்தார். நெல் வயல் என்றால் கணக்கில் வரும், பழத்தோட்டம் என்றால் தப்பிக்க வழி இருக்கிறது என்று வக்கீல் சொன்னாராம். சட்டத்தில் அப்படி இருந்ததா, வக்கீலாகச் சொன்னதா, எனக்குத் தெரியாது. மாந்தோப்பு வைக்க நாளாகும். தென்னை எல்லோரும் வைத்துவிட்டார்கள். திராட்சை என்றால் இரண்டு வருஷத்தில் காய்க்கும். கடையை வேறு திறந்துவிட்டார்கள், ஒயின் காய்ச்சலாம், நாலு பேர் வந்து பார்ப்பார்கள், பேர் வரும். இப்படித்தான் காவேரித் தண்ணீர் நிற்கிற களிமண்ணில் ஒரு வேலி நிலத்தைத் திராட்சைத் தோட்டம் ஆக்குவது என்று முடிவானது.

ஒரு வேலி என்றால் இருபது மா, ஏறக்குறைய ஏழு ஏக்கர். அதில் நட்டநடுவே மூன்று மா என் அக்கா அஞ்சலையின் குத்தகை. அத்தான் இருந்தபோது அவரோடும், செத்த பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாகவும் அவள் உழுது நட்டு அறுத்த நிலம். வேறு எதுவும் அவளுக்குக் கிடையாது. குத்தகைக்குச் சீட்டும் கிடையாது. கணக்குப்பிள்ளை தன் நோட்டில் அந்த மூன்று மாவையும் ஐயாவின் சொந்தச் சாகுபடி என்றே எழுதி வந்தார். ஆகவே அந்த நிலம் அக்காவுடையது என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே சாட்சி, அதில் நின்ற பயிர்தான். அங்கே நெல் நின்றால் அவள் பயிர் செய்கிறவள். திராட்சை நின்றால் அவள் யாரோ.

ஐயா அவளைக் கூப்பிட்டு, "தூண்தானே அஞ்சலை, ஓரமா நிக்கும். நீ பாட்டுக்கு நடு, அறு" என்றார். திராட்சைப் பந்தலுக்குத் தேனிப் பக்கமிருந்து லாரி லாரியாகக் கல்தூண் வந்தது. எங்கள் ஊரில் கல் என்றால் அம்மி, ஆட்டுக்கல், சாமி, அவ்வளவுதான். தூண் இறங்கிய அன்று சில பெண்கள் குங்குமத்தோடு வந்துவிட்டார்கள். அக்கா நிலத்தில் மட்டும் பன்னிரண்டு தூண் நட்டார்கள். அவள் தூணுக்குத் தூண் சுற்றி உழுதாள். ஒன்றில் புடவை காயப் போட்டாள், ஒன்றில் கன்றுக்குட்டியைக் கட்டினாள். பந்தல் கம்பி அவள் தலைக்கு மேலே போயிற்று. அவள் கீழே நெல் அறுத்தாள்.

தோட்டத்தை உருவாக்க கம்பத்திலிருந்து சுருளி என்று ஒருவரைக் கூட்டி வந்தார்கள். நல்ல வேலைக்காரர். அவர் வந்த அன்று ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். அது அவர் கையில் உருண்டையாக நின்றது.

"என்னப்பா இது, பிள்ளையார் பிடிக்கலாம் போலருக்கு. இதுல கொடி எங்கிட்டு வரும்?"

"ஐயாகிட்ட சொல்லுங்களேன்."

"சொன்னேன்ப்பா. 'உங்களுக்குச் சம்பளம் கொடியைக் கொண்டாறதுக்கு, கருத்தைக் கொண்டாறதுக்கு இல்ல'ங்கிறாரு."

பண்ணை ஆளான நான் இரண்டு வருஷம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். இலை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறது, கொடியைக் கம்பியில் ஏற்றுகிறது, கவாத்து வெட்டுகிறது எல்லாம் வந்தது. கவாத்து என்றால் நன்றாக வளர்ந்த கொடியை மொட்டையாக வெட்ட வேண்டும். வெட்டினால்தான் காய்க்குமாம். நெல்லில் பழகின நான் முதல் நாள் பாதிக் கொடியை வெட்டாமல் விட்டுவிட்டேன். ஐயாவுக்கு மட்டும் அந்தத் தத்துவம் உடனே பிடித்துவிட்டது. ஆட்கள் கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் கவாத்தைப் பற்றிப் பேசுவார்.

முதல் வருஷம் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். கடைமடைக்குத் தண்ணீர் வருவது சாதாரண விஷயம் இல்லை. மேட்டூரில் திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் போட்ட பிறகு, எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர வாரக்கணக்காகும். முதலில் நுரை வரும், சருகு வரும், பிறகு வெடித்த மண் தண்ணீர் குடிக்கிற சத்தம், அதற்குப் பிறகு ஒரு வாசனை. அந்த வாசனை வந்தால் எங்கள் ஆட்கள் கும்பிடுவார்கள். கும்பிட்ட கை மண்வெட்டிக்குப் போகும். மண்வெட்டி மடைக்குப் போகும். இதற்கு நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது. அந்த வருஷமும் தண்ணீர் வந்தது, கும்பிட்டேன், திறந்தேன். பதினேழு மா திராட்சைக் கன்றும் முழங்கால் தண்ணீரில் நின்றது.

சுருளி தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "அடப் பாவி! திராட்சைய நட்டமா, அல்லிய நட்டமா?"

"தண்ணி வந்துச்சுங்களே."

"வந்தா?"

தண்ணீர் வந்தால் திறப்பார்கள். அவ்வளவுதான். பாதிக்கு மேல் வேர் அழுகிச் செத்தது. ஐயா திட்டியதோடு விட்டார். "நெல்லுக்காரப் புத்தி. தண்ணி சத்தம் கேட்டா கை தானாப் போயிடும் இவனுக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கதை நாலு ஊருக்குப் பரவியது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பேர் எனக்குப் பின்னால் எதற்கு உதவப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

இங்கே ஐயாவின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கோபத்தில் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. சாதாரண நாளில் என்னை "ஏன்டா கலியமூர்த்தி" என்பார். அது நல்ல நாள். "வாப்பா" என்றால் சம்பளத்தில் ஏதோ குறையப்போகிறது. "வாங்க" என்று சொல்லிவிட்டார் என்றால் பெட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். குத்தகையிலிருந்து வெளியேற்றிய ஒவ்வொருவரையும் அவர் "வாங்க, உக்காருங்க" என்று சொல்லி, காப்பி கொடுத்துத்தான் வெளியேற்றினார். எங்கள் ஊரில் அவர் மரியாதை கொடுத்தால் வீட்டில் அழுகை கேட்கும்.

மிஞ்சிய கொடியில் வாசல் பக்கத்து மூன்று வரிசையை மட்டும் காப்பாற்றினோம். லாரியில் செம்மண் கொண்டு வந்து மேடு கட்டி, அதில் நட்டு, பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார் சுருளி. வருகிறவர்களுக்கு அந்த மூன்று வரிசைதான் தோட்டம். நாலாவது வரிசைக்குப் போக விடாமல் அங்கே ஒரு மூங்கில் தட்டி. "மருந்து அடிச்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். நான் அந்தத் தோட்டத்தில் வேலை செய்த காலம் முழுக்க அங்கே மருந்து அடித்துக்கொண்டே இருந்தது.

ஒயினுக்குப் பழம்? மாயவரம் மார்க்கெட்டில் வாங்குவோம். காலையில் கூடை கூடையாக வரும். பம்புசெட்டில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நாலு பேர் தொட்டியில் இறங்கி மிதிப்போம். சாறும் தோலுமாகப் பீங்கான் ஜாடியில் ஊற்றி, சர்க்கரை போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்போம். இரண்டாம் நாளே உள்ளே சோறு கொதிக்கிற மாதிரி சத்தம் வரும். ஒரு தடவை ஐயாவின் மருமகன் சென்னையிலிருந்து வந்தவர், துணி கட்டினால் நாகரிகமாக இல்லை என்று மூடியை இறுக்கித் திருகச் சொன்னார். மறுநாள் மத்தியானம் ஜாடி வெடித்தது. கொட்டகைக் கூரையில் திராட்சைத் தோல் ஒட்டிக்கொண்டு ஒரு மாசம் காய்ந்தது. காக்காய்கள் கூரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு ஒரு பக்கமாகப் பறந்தன.

அந்த மருமகன்தான் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஒயின் கொடுக்கும்போது ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு வாசனை சொல்ல வேண்டும் என்று கண்டுபிடித்தார். சொல்ல வேண்டியது நான். என்ன வாசனை என்று அவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வாசனையைச் சொன்னேன். வருகிறவர்களைப் பந்தலுக்குக் கீழே நிற்க வைத்து, சின்னப் பித்தளை டம்ளரில் ஊற்றிக் கொடுத்து, "கண்ணை மூடிக்கிட்டுக் குடிங்க. முதல் மடக்குல புது வைக்கோல் வாசனை வரும். ரெண்டாவதுல வெட்டிவேர். மூணாவதுல, வாய்க்கால்ல புதுத் தண்ணி வர்ற வாசனை" என்பேன். உண்மையில் வந்தது, அந்த டம்ளரில் முந்தின நாள் வைத்திருந்த நல்லெண்ணெய் வாசனை. ஆனால் ஒருவர் கூட இல்லை என்று சொன்னதில்லை. மாலையும் கழுத்துமாக அறுபதாம் கல்யாணத் தம்பதி வருவார்கள். கண்ணை மூடிக் குடித்துவிட்டு அவர், "ஆமா, வெட்டிவேர்தான்" என்பார். அந்த அம்மாள், "எனக்கு வைக்கோலே இன்னும் போகலைங்க, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பார்கள்.

நடுவில் கள்ளுக்கடையை மூடினார்கள். திறந்தபோது மாலை போட்டவர்களே மூடியபோதும் மாலை போட்டார்கள். ஐயா என்னைக் கூப்பிட்டு, "ஏன்டா, இன்னைலேர்ந்து அது ஒயின் இல்ல, டானிக்" என்றார். ஜாடி அதே ஜாடி, டம்ளர் அதே டம்ளர். வைக்கோல் வாசனை மட்டும் உடம்புக்கு நல்லது ஆகிவிட்டது.

கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்தார். மலேயாவில் கடை வைத்திருந்து திரும்பியவர். நான் டம்ளரை நீட்டினேன்.

"அது வேணாம் தம்பி, நமக்கு ஆகாது. பேரப்புள்ளைக்கு ஒரு கொத்து பழம் பறிச்சுக் குடுங்க, போதும்."

அந்த வாரம் மூன்று வரிசையிலும் பழம் இல்லை. மார்க்கெட் கொத்தைத்தான் வாழைநாரால் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பறிக்கிற மாதிரி பாவனை செய்து இழுத்தேன். கொத்து வந்தது, நாரும் முடிச்சோடு வந்தது. பாய் முடிச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க ஊர்ல பூவைத்தான் தம்பி நாரால கட்டுவாங்க."

என் முகம் செத்துவிட்டது. அவர் சிரித்து என் தோளில் தட்டினார். "பயப்படாதீங்க. நானும் முப்பது வருசம் கடை வச்சிருந்தவன். அடுத்த தடவ சணல் நூல்ல கட்டுங்க, தெரியாது." வந்தவர்களில் தோட்டத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்; குடிக்காமல் பார்த்ததால் இருக்கலாம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு, கடை மூடிய மறுவருஷம் சோதனை வந்தது. நிலத்தை அளந்து, என்ன பயிர், யார் சாகுபடி என்று நேரில் பார்த்து எழுத ஒரு அதிகாரி வரப்போகிறார். அவர் எழுதுவதுதான் கடைசி. ஐயா வழக்கம்போல் முன்கூட்டியே யோசித்திருந்தார். தை அறுப்பு முடிந்ததும் அக்காவிடம், "மருந்து அடிக்கிறோம் அஞ்சலை, இந்த வருசம் உளுந்து தெளிக்காத" என்று சொல்லியிருந்தார். அதனால் அவள் மூன்று மாவும் நெல் தாளோடு வெறும் வயலாகக் கிடந்தது. அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எங்களுக்கு உத்தரவு: அந்த மூன்று மாவிலும் திராட்சை நிற்க வேண்டும்.

மண்ணெண்ணெய் டின்களின் மேல் பக்கத்தை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கொடியை நட்டு, வயலில் பள்ளம் பறித்துப் பாதி புதைத்து, கொடியைப் பன்னிரண்டு தூண்களிலும் கம்பியிலும் ஏற்றிக் கட்ட வேண்டும். மார்க்கெட் கொத்துகளைத் தொங்கவிட வேண்டும். அறுபது டின்னுக்கு மேல். அதில் மண்ணை நிரப்பி யார் தூக்குவது என்று ஆட்கள் உமியை நிரப்பினார்கள்; மேலே மட்டும் ஒரு பிடி மண். ஐயா தூரத்திலிருந்து பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். சுருளி என் பக்கத்தில் வந்து, "ஏப்பா, உங்க அக்கா நிலம்தான இது?" என்றார். "ஆமாங்க" என்றேன். அன்று சாயங்காலமே சம்பளத்தை வாங்கிக்கொண்டு கம்பத்துக்கு பஸ் ஏறிவிட்டார்.

அக்கா வரப்பில் நின்று, அவள் நிலத்தில் நான் டின் புதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி பண்ற?"

"சொன்னதப் பண்றேன்."

"எம் புள்ளைங்க ரெண்டும் எதத் தின்னும்னு ஒங்க ஐயா சொன்னாரா?"

அவள் காறித் துப்பிவிட்டு நடந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நான் பின்னாலேயே போய் ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அதிகாரி வருகிற நாள். விடிந்தது. மேட்டூர் திறந்து நாளாகியிருந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று ஐயா நம்பியிருந்தார். ஆனால் விடிகிறபோதே வாய்க்காலில் நுரை வந்தது. பின்னாலேயே தண்ணீர். நான் கும்பிட்டேன். மண்வெட்டியை எடுத்தேன். வாசல் பக்கத்து மூன்று வரிசைக்குப் போகிற மடையை விட்டுவிட்டு, நடுவிலிருக்கிற மூன்று மாவுக்குப் போகிற மடையைத் திறந்தேன்.

அதிகாரி பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்தார். வழுக்கைத் தலை, நல்ல மனுஷர் மாதிரி இருந்தார். ஐயா மாலை போட்டார். செம்மண் மேட்டைக் காட்டினோம், மூன்று வரிசையைக் காட்டினோம். பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு, டானிக் வந்தது.

"கண்ணை மூடிக்கங்க சார். முதல் மடக்குல புது வைக்கோல்" என்றேன்.

குடித்தார். "ம்... ஆமா."

"ரெண்டாவதுல வெட்டிவேர்."

"லேசா வருது."

"மூணாவதுல, வாய்க்கால்ல புதுத் தண்ணி வர்ற வாசனை."

அவர் மூன்றாவது மடக்கைக் குடித்துவிட்டு மூக்கை மேலே தூக்கினார். முகம் மலர்ந்தது. "அடேயப்பா! அப்படியே இருக்குய்யா! எங்க அப்பா விவசாயி. சின்ன வயசுல ஆத்துல தண்ணி வரும்போது வருமே, அப்படியே அதே வாசனை! என்ன டானிக்குங்க இது!"

ஐயா சிரித்துக்கொண்டே அவரும் மூக்கை உறிஞ்சினார். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் இந்த மண்ணில் பிறந்தவர். அது டம்ளரிலிருந்து வருகிற வாசனை இல்லை என்று அவர் மூக்குக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன்.

"நடு வயல நாளைக்குப் பாத்துக்கலாங்க, வெயிலா இருக்கு" என்றார் ஐயா.

"இருக்கட்டுங்க. நல்லா இருக்கு, நடப்போம்" என்றார் அதிகாரி. மூன்று மடக்கு டானிக் அவரை உற்சாகமாக்கியிருந்தது. தட்டியைத் தாண்டி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம்.

மூன்று மாவிலும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். பன்னிரண்டு தூணும் நின்றன. திராட்சை நிற்கவில்லை. டின்கள் எல்லாம் பள்ளத்திலிருந்து கிளம்பி மேலே வந்து, கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று மோதி டண் டண் என்று சத்தம் போட்டுக்கொண்டு மிதந்தன. கொடி சாய்ந்து கொத்துகள் தண்ணீரில் படுத்திருந்தன. சணல் அறுந்த கொத்துகள் தனியாகப் போயின. உமி வயல் முழுக்கப் பரவியிருந்தது. ஊர் வாத்துக் கூட்டம் ஒன்று உள்ளே இறங்கி, ஒரு பழம், ஒரு வாய் உமி என்று மாற்றி மாற்றித் தின்றுகொண்டிருந்தது.

அதிகாரி பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னங்க, உங்க திராட்சை நீந்துது?"

"வேலைக்காரன் பண்ணின தப்புங்க. நெல்லுக்காரப் புத்தி. தண்ணி வந்தா கை தானாப் போயிடும் இவனுக்கு. ஊருக்கே தெரியும்."

அந்த நேரத்தில் கிழக்கு வரப்பிலிருந்து அஞ்சலை அக்கா வந்தாள். தலையில் கூடை, கூடையில் ஈரச் சாக்கு. யாரையும் பார்க்காமல் மேட்டு மூலையில் இறங்கினாள். அங்கே நாற்றங்காலுக்கு அவள் ஏற்கெனவே வரப்பு வெட்டி, காலையில் தண்ணீர் ஏறியதும் சேறு கலக்கியிருந்தாள். சாக்கை விரித்தாள். முளைவிட்ட விதை நெல், வெள்ளை வெள்ளையாக. கை நிறைய அள்ளித் தெளிக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் வந்த ஒரு டின்னைக் காலால் தள்ளிவிட்டாள்.

"ஏம்மா, யார் நிலம் இது?" என்றார் அதிகாரி.

"நான் பயிர் பண்றதுங்க."

"எத்தனை வருஷமா?"

"எம் பெரியவன் வயித்துல இருந்தப்பலேர்ந்துங்க."

"சீட்டு ஏதாவது இருக்கா?"

அக்கா நிமிர்ந்தாள். "சீட்டு இல்லீங்க. ஒங்க காலுக்குக் கீழ பாருங்க."

அவர் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார். தை மாசத்து நெல் தாள் வேரோடு கையில் வந்தது. வரிசை வரிசையாக, வயல் முழுக்க.

"திராட்சைக்குள்ள நெல் தாள் எப்படிங்க வரும்?" என்று ஐயாவைக் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வரப்பில் நின்றபடியே எழுதினார். மூன்று மா நெல், குத்தகைச் சாகுபடி, அஞ்சலை.

அவரைப் பெரிய தர்மராஜா என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் மிதந்ததைத்தான் அவரால் மறைக்க முடியவில்லை. மிச்சம் பதினேழு மாவையும் திராட்சைத் தோட்டம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஜீப்பில் ஒரு ஜாடி டானிக்கோடுதான் போனார். போகும்போது என்னிடம், "அந்தப் புதுத் தண்ணி வாசனைக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார்.

ஜீப் மறைந்ததும் ஐயா கொட்டகைக்குள் போனார். என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

"வாங்க கலியமூர்த்தி. உக்காருங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். வாழ்நாளில் முதல் தடவை. காப்பி வந்தது.

"கை தானாப் போச்சுங்களா?"

"ஆமாங்க ஐயா. சத்தம் கேட்டா கை நிக்காது. அன்னைக்கும் அப்படித்தானே."

"அன்னைக்கு அப்படித்தான்." காப்பியை என் பக்கம் நகர்த்தினார். "விதை முளை கட்ட ரெண்டு நாள் ஆகுமே. தண்ணி இன்னைக்கு வரும்னு உங்க அக்காவுக்கு யாருங்க சொன்னது?"

நான் காப்பியைக் குடித்தேன். நல்ல காப்பி. தண்ணீர் அன்றைக்கு வரும் என்று எனக்குச் சொன்னது, மேல் மதகைப் பார்க்கிற லஸ்கர் தங்கராசு. அக்கா காறித் துப்பிவிட்டுப் போன அன்று நான் பின்னாலேயே போய்ச் சொன்ன வார்த்தை, "விதைய ஊறப் போடு" என்பது. இதை நான் ஐயாவிடம் சொல்லவில்லை. அவரும் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. நெல்லுக்காரப் புத்தி என்று ஊரெல்லாம் சிரித்தவர், அந்தப் புத்தியிடம் ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வார்?

"நாளைலேர்ந்து நீங்க வர வேணாங்க" என்றார், மிகவும் மரியாதையாக.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் கிடைத்த வேலையைச் செய்தேன். பிறகு தங்கராசு சொல்லி, நானும் லஸ்கராகச் சேர்ந்து, மதகு திறந்து மதகு மூடியே ரிட்டையர் ஆனேன். மடை திறந்ததற்காக வேலை போனவனுக்கு மடை திறக்கிற வேலையையே கொடுத்தது சர்க்கார். அந்த வேலையில் ஒரு தடவை கூட என் கை தானாகப் போனதில்லை.

திராட்சை அடுத்த மழையில் முழுக்கச் செத்தது. பதினேழு மாவும் கை மாறி மாறி, இன்று அதன் மேல்தான் ரிசார்ட் நிற்கிறது. நடுவில் இருக்கிற மூன்று மா மட்டும் விற்கவில்லை. அக்கா மகன் நெல் போடுகிறான்; அவனுடைய பிள்ளைதான் இதை எழுதுகிறவன், அந்த மூன்று மாவில் பங்கு உள்ளவன். ரிசார்ட் ரூமில் அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால் வாடகை கூடவாம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் டிராக்டர் திரும்ப இடம் இல்லை என்று அக்கா மகன் அந்தப் பன்னிரண்டு தூணையும் பிடுங்கிப் போட்டான். ரிசார்ட்டுக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டான். அவர் நீச்சல்குளத்தைச் சுற்றி நட்டு, பக்கத்தில் பலகை வைத்துவிட்டார். சோழர் காலத்து மண்டபத் தூண்கள் என்று. பூம்புகார் பக்கத்தில் இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. விக்னேஷ்தான் தினம் அதை விளக்குகிறவன். மூன்றாவது தூணின் அடியில் இருக்கிற பள்ளத்தில் விரலை வைக்கச் சொல்லி, சோழன் உளி பட்ட இடம் என்கிறான். வருகிறவர்கள் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்களாம். நான் வெட்டிவேர் சொன்னபோது மூடினார்களே, அதே மாதிரி.

"தாத்தா, இப்ப நான் என்ன சொல்றது அவங்ககிட்ட?" என்று கேட்டான்.

விக்னேஷ், உன் வேலை போகாமல் சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் படிக்கிறவர்கள் யாராவது சொல்லட்டும். அந்தப் பக்கம் போனால் மூன்றாவது தூணுக்குப் போங்கள். பள்ளத்தில் விரலை வையுங்கள், கண்ணை மூட வேண்டாம். பக்கத்தில் யார் நின்றாலும் அவரிடம் சொல்லுங்கள்: இது உளி இல்லை. அஞ்சலை என்கிற ஒருத்தி நாற்பது வருஷம் மாடு கட்டிய சங்கிலி தேய்த்த இடம். மாட்டை அவளால் இதில் கட்ட முடிந்தது, நிலம் அவள் கையில் இருந்ததால்.